யூலிற்றா எழுதாத சோதினை

பொன்னையாவின் வளவில் செத்தல் மிளகாய் காயப்போட்டிருந்த படங்குக்குப் பக்கத்தில், வேம்பின் நிழலில், இரண்டு பெண்கள் ஒரு வினாத்தாளை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தி பொன்னையாவின் மகள் நிசாந்தினி. மற்றவள் அதே வளவின் மூலையில் கொட்டில் போட்டிருந்த யாகப்புவின் மகள் யூலிற்றா. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம்.

"கேள்வியே பிழை," என்று நிசாந்தினி பென்சிலை எறிந்தாள்.

"பிழையான கேள்வியை அச்சடிச்சு விடுவினமோ? கொண்டா, நான் வாசிக்கிறன்."

யூலிற்றா உரக்க வாசித்தாள். ஒரு வரிசையில் ஐந்து கதிரைகள். நாதன், மாலா, ராசன், சீலன், கீதா என்ற ஐந்து பேர் அவற்றில் இருக்கிறார்கள். மாலா நடுக்கதிரையில் இருக்கிறாள். ராசனும் கீதாவும் ஓரங்களில் இல்லை. சீலன் நாதனுக்கு இடப்பக்கத்தில் இருக்கிறான். கீதா நாதனுக்கு அருகில் இல்லை. அப்படியானால் நாதனுக்கு அடுத்த கதிரையில் இருப்பவர் யார்?

"நீ எப்பிடிச் செய்தனீ?"

"சீலனையும் நாதனையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சன். மாலாவை நடுவிலை வைச்சன். அதுக்குப் பிறகு ராசனோ கீதாவோ ஆராவது ஒராள் ஓரத்துக்குத்தான் போகுது. போகக்கூடாது எண்டும் போட்டிருக்கிறாங்கள். எப்பிடிச் செய்யிறது?"

யூலிற்றா எழுந்து போய் ஒரு மிளகாய், ஒரு கச்சான் கடலை, ஒரு புளியங்கொட்டை, ஒரு சின்னக் கல் எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஐந்தாவதாகத் தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். மண்ணில் விரலால் ஐந்து குழி போட்டாள்.

"மிளகாய்தான் மாலா. நடுவிலை வைச்சாச்சு. இனிச் சொல்லு, சீலனும் நாதனும் பக்கத்திலை பக்கத்திலை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"இடப்பக்கத்திலை எண்டு போட்டிருக்கே."

"இடப்பக்கம் எண்டுதான் போட்டிருக்கு. அடுத்த கதிரை எண்டு போடேல்லை. உங்கடை வீட்டுக்கு இடப்பக்கத்திலை பள்ளிக்கூடம் இருக்குது. அதுக்காக அது உங்கடை வேலியோடையே இருக்குது?"

நிசாந்தினி வினாத்தாளை இழுத்து மறுபடி வாசித்தாள். யூலிற்றா சொன்னது சரிதான்.

"இப்ப பார். ராசனும் கீதாவும் ஓரத்திலை இல்லை, நடுவிலையும் இல்லை. அப்ப அவையளுக்கு ரெண்டாவது கதிரையும் நாலாவது கதிரையும்தான். மிஞ்சினது ரெண்டு ஓரமும். சீலன் இந்த ஓரம், நாதன் அந்த ஓரம். கீதா நாதனுக்குக் கிட்டப் போகேலாது. அப்ப நாதனுக்குப் பக்கத்திலை?"

"ராசன்," என்றாள் நிசாந்தினி. பிறகு, "கீதாவுக்கும் நாதனுக்கும் என்னடி கோவம்?" என்று கேட்டாள்.

யூலிற்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேள்வியிலை இல்லாததை நீயாய்ச் சேர்க்காதை, நிசா. உனக்கு வாற பிழையெல்லாம் அதாலைதான்."

இருவரும் ஒரே வயது. உயர்தரப் பரீட்சையில் இருவருக்குமே பல்கலைக்கழகம் போகுமளவுக்குப் புள்ளி வரவில்லை. கொழும்பில் ஒரு நிறுவனம் நுழைவுப் பரீட்சை வைத்துச் சட்டம் படிக்க ஆள் எடுக்கிறது என்றும், வவுனியாவிலும் அதை எழுதலாம் என்றும் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர்களுக்கு வேறு பேச்சு இல்லை. தமிழும் பொது அறிவும் நிசாந்தினிக்குப் பயமில்லை. நுண்ணறிவு வினாத்தாள்தான் அவளை உருட்டியது. யூலிற்றாவுக்கு அது விளையாட்டு.

பொன்னையா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து மனைவி கமலேஸ்வரியோடு தப்பி வந்து, தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். ஒரு பிரஜாவுரிமைக் கடதாசிக்காக அவர் கந்தோர் கந்தோராகக் கை கட்டி நின்றதைப் பார்த்துத்தான் நிசாந்தினி வளர்ந்தாள். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் தொடங்கியது. யூலிற்றாவிடம் கேட்டால், "வாய் காட்டுறதுக்குச் சம்பளம் தருவினம் எண்டால் எனக்கு வேறை என்ன வேணும்?" என்பாள்.

யாகப்பு முல்லைத்தீவுக் கரையில் கடல்தொழில் செய்தவர். முந்தின வருடம் ஆடியில் சண்டை நடந்து ஊர் வெறுமையானபோது, படகை விட்டுவிட்டு அதன் இயந்திரத்தை மட்டும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு மகளோடு வந்தார். மனைவி எப்போதோ இறந்துவிட்டாள். கொட்டில் போட இடம் தேடி அலைந்தவரைப் பொன்னையாதான் மறித்தார். "நாங்களும் இப்புடித்தாங்க வந்தோம். அந்த மூலையில போட்டுக்குங்க," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆமியின் கையில் இருந்த வவுனியாவுக்குப் போவதென்றால் வன்னியை வைத்திருந்த இயக்கத்தின் பாஸ், அதாவது பயண அனுமதி, வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். நிசாந்தினிக்குப் பொன்னையா நின்றார். யூலிற்றாவுக்கு யாகப்பு நின்றார். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்ததும் அவர் மகளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"சோதினை சரிவந்து படிக்கக் கூப்பிட்டால் நீ போயிடு. என்னை யோசிச்சு நிக்காதை."

"உங்களைப் பிடிச்சு வைச்சிருப்பினமே, அப்பா."

"வைச்சிருக்கட்டும். சோறு போடுவினம்தானே? எனக்கும் ஒரு ஓய்வு."

யூலிற்றா அவருடைய தோளில் அடித்தாள்.

புறப்படும் நாளுக்கு முன்னரே அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. அந்த வருடம் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தகப்பன் மறித்துவிடுவார் என்று பயந்தாள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி இருந்து ஒட்டுசுட்டான் தாண்டிய பிறகு, உச்சி வெயிலில் அவளுடைய பற்கள் கிடுகிடுக்கத் தொடங்கின. நிசாந்தினி தன் கையைப் பிடித்திருந்த யூலிற்றாவின் கை நெருப்பாய்ச் சுடுவதை அப்போதுதான் உணர்ந்தாள்.

"எப்ப இருந்தடி?"

"ஒண்டுமில்லை. குளிர்காய்ச்சல்தான். விட்டு விட்டு வரும்."

இரவு தங்குவதற்கு நெடுங்கேணியில் பொன்னையாவின் தங்கை இராசமலரின் வீடு இருந்தது. இராசமலர் யூலிற்றாவைப் பார்த்த உடனேயே சந்தைக்கு அருகில் இருந்த மருந்துக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த பெண் விரலில் குத்தி இரத்தம் பார்த்து, மலேரியா என்று சொல்லிக் குளிசை கொடுத்தாள். "படுத்தே கிடக்கவேணும். எங்கையும் அலையக்கூடாது," என்றாள்.

விடிந்தபோது யூலிற்றா எழுந்து நிற்கப் பார்த்தாள். முழங்கால் மடிந்து பாயில் இருந்துவிட்டாள். புளியங்குளத்துக்குப் போகும் லொறி சந்தையடியில் வந்து நின்றுவிட்டது.

"நீ போ, நிசா."

"நான் போகேல்லை. அடுத்த வருசம் ரெண்டு பேருமாய் எழுதுவம்."

"விசர்க்கதை கதைக்காதை. அடுத்த வருசம் பாதை இருக்குமோ, பாஸ் தருவினமோ, ஆருக்குத் தெரியும்? யோசிச்சுப் பார். நீ நிண்டால் ரெண்டு பேரும் எழுதேல்லை. நீ போனால் ஒராள் எழுதுறாள். நீ நிண்டு எனக்குச் செய்யிறதை அத்தை உன்னைவிட நல்லாச் செய்வா. குளிசையும் தந்திட்டினம். இதிலை எங்கை பிழை? சொல்லு பாப்பம்."

நிசாந்தினி தேடிப் பார்த்தாள். பிழை தெரியவில்லை. இவளுக்கு ஏதாவது நடந்துவிட்டால் என்று ஒரு எண்ணம் மட்டும் மனதுக்குள் வந்து நின்றது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னாலும், கேள்வியில் இல்லாததைச் சேர்க்கிறாய் என்று யூலிற்றா சிரிப்பாள்.

"கேள்வியெல்லாம் ஞாபகமாய் வைச்சுக்கொண்டு வா. வந்து எனக்குச் சொல்லவேணும். நான் இஞ்சை கிடந்து செய்து பாக்கிறன்," என்றாள் யூலிற்றா.

நிசாந்தினி குனிந்து அவளுடைய நெற்றியைத் தொட்டுவிட்டு ஓடிப்போய் லொறியில் ஏறினாள்.

புளியங்குளத்தில் இறங்கி, அங்கிருந்து ஓமந்தை வரை வேறொரு வாகனம். பிறகு நடை. தண்டிக்குளத்தில் வெயிலுக்குள் நீண்ட வரிசை. ஆமிக்காரர்கள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், ஏன் வருகிறாய், எங்கே நிற்பாய், எப்போது போவாய் என்று கேட்டார்கள். சோதினை என்று அனுமதி அட்டையைக் காட்டினாள். "உங்களோடு விண்ணப்பித்த மற்றவர் எங்கே?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று ஏனோ அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் பரீட்சை மண்டபத்தில் மின்விசிறி சுழன்றது. மின்சாரம் கண்டு வருடக்கணக்காகியிருந்த அவளுக்கு முதலில் அதைப் பார்க்கவே நேரம் போயிற்று. காலையில் மற்ற இரண்டு வினாத்தாள்களும் முடிந்தன. பின்னேரம் நுண்ணறிவு. அவளுக்குப் பக்கத்து மேசை யூலிற்றாவுடையது. மேசையின் மூலையில் சுட்டெண் ஒட்டியிருந்தது. மேற்பார்வையாளர் அதன்மேல் வைத்த வினாத்தாளைச் சிறிது நேரம் பொறுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

நிசாந்தினி எழுதினாள். ஒவ்வொரு கேள்வியையும் யூலிற்றாவின் குரலில் தனக்குள் வாசித்தாள். தந்தது என்ன, தராதது என்ன என்று பிரித்தாள். அழிறப்பரையும் பென்சில் சீவலையும் மேசையில் அடுக்கிப் பார்த்தாள். ஒரு இடத்தில் சிக்கினாள், நின்றாள், தானாகச் சேர்த்ததைக் கண்டுபிடித்து எடுத்தெறிந்தாள். விடை தன்பாட்டில் வந்து நின்றது. மணி அடிக்கும்போது ஒரு கேள்வியும் மிச்சம் இருக்கவில்லை.

வினாத்தாளை வெளியே கொண்டுபோக விடவில்லை. அதனால் ஆகக் கஷ்டமான ஒன்றைத் தேர்ந்து பாடமாக்கினாள். ஏழு பெட்டிகள், ஏழு நிறங்கள், எதற்கு மேல் எது என்ற கேள்வி. யூலிற்றாவுக்கே இது கொஞ்ச நேரம் எடுக்கும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. கடைத்தெருவால் வரும்போது ஒரு மருந்துக்கடையில் காய்ச்சலுக்குப் பனடோல் அட்டை ஒன்று வாங்கி, வன்னிக்கு மருந்து கொண்டுபோக ஆமி விடாது என்பதால் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டாள். கண்ணாடி அலுமாரிக்குள் மருந்துகள் கூரை வரை அடுக்கியிருந்தன. என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். சிவப்பு நீலத்துக்கு மேல், பச்சை அடியில் இல்லை, மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒன்று. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. தண்டிக்குளத்தில் சொன்னாள், ஓமந்தையில் சொன்னாள், லொறிக்குள் நின்றுகொண்டு சொன்னாள்.

நெடுங்கேணிச் சந்தையில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியபோது இராசமலரின் வாசலில் ஆட்கள் நின்றார்கள். வேலியோரம் ஒரு உழவு இயந்திரம் நின்றது. முற்றத்துக் கதிரையில் யாகப்பு இருந்தார். தர்மபுரத்தில் இருக்க வேண்டியவர் இங்கே ஏன் என்று ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

யாகப்பு அவளைக் கண்டு எழுந்து வந்தார்.

"வந்திட்டியா, பிள்ளை? சோதினை எழுதினியா?"

அவள் தலையாட்டினாள்.

"நல்லாச் செய்தியா?"

"ஓம், மாமா."

"அதைத்தான் அவள் கேட்டுக்கொண்டு கிடந்தவளாம்," என்று சொல்லி, அவளுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பலகைப் பெட்டிக்குள் யூலிற்றா கிடந்தாள். அவளுடைய கைவிரல்களில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். கன்னம் ஒடுங்கிப் பத்து வயது கூடினவள் போல இருந்தாள்.

இராசமலர் நிசாந்தினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதழுது சொன்னாள். "நேத்துக் காலையில நல்லாத்தான் இருந்துச்சு, புள்ள. கஞ்சி குடிச்சுச்சு. மத்தியானம் பேச்சு மாறிருச்சு. தூக்கிக்கிட்டு ஓடுனோம். மூளைக்கு ஏறிருச்சு, ஊசி போடணும், அந்த ஊசி இங்க இல்ல, வவுனியாவுல இருந்துதான் வரணும்னு அந்தப் பொண்ணும் அழுவுது. இவ என்னடான்னா, மணி அடிச்சுட்டாங்களா, பேப்பர வாங்கிட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே கிடக்கா. நான் என்னத்தக் கண்டேன்? இன்னும் அடிக்கல கண்ணு, எழுது, எழுதுன்னு சொன்னேன். அப்பறம் பேசல."

நிசாந்தினிக்கு அழுகை வரவில்லை. நேற்றுப் பின்னேரம் என்று மட்டும் மனம் சொல்லியது. நான் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். மருந்துக்கடை வாசலில் நின்றேன். சட்டைக்குள் பனடோல் அட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மகளைத் தாயின் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று யாகப்பு சொன்னார். நிசாந்தினி வரும்வரைக்கும்தான் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் சவப்பெட்டியை ஏற்றி, இருபுறமும் யாகப்புவும் நிசாந்தினியும் அது உருளாமல் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம் புகையைக் கக்கியது. பாதையெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் யாகப்பு, "மெல்ல, தம்பி, மெல்ல," என்று ஓட்டுபவரிடம் சொன்னார். கடற்கரைக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. கூரை இல்லாத கோயிலில் சுவாமியார் செபம் சொன்னார். மணல் என்பதால் குழி வெட்டச் சுணங்கவில்லை.

முதல் பிடி மண்ணைப் போடும்போது, அந்தக் கேள்வியைச் சொல்லிவிட வேண்டும் என்று நிசாந்தினிக்குத் தோன்றியது. உதட்டை அசைத்தாள். சிவப்பு எதற்கு மேல் என்று வரவில்லை. வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததில் ஒரு சொல்லும் வரவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். யாகப்பு வந்து பிடிக்கும்வரை மணலில் கிடந்து அழுதாள்.

யாகப்பு அதன் பிறகு தர்மபுரத்துக்கு வந்து ஒரு இரவுதான் தங்கினார். படகின் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு கரைக்கே திரும்பிப் போனார். "அவையள் ரெண்டு பேரும் அங்கை. நான் இஞ்சை என்ன செய்யிறது?" என்று பொன்னையாவிடம் கேட்டார். பொன்னையா வீட்டார் கொட்டிலைப் பிரிக்கவில்லை.

வைகாசியில் வவுனியாப் பக்கமிருந்து ஆமி வன்னியைப் பிடிக்க வெளிக்கிட்டது. ஓமந்தையும் நெடுங்கேணியும் போயின. தண்டிக்குளம் பாதை மூடிவிட்டது. இராசமலர் இரண்டு பையோடும் ஒரு ஆட்டோடும் தமையன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். யாகப்புவின் கொட்டிலில் அவள் இருந்தாள்.

பரீட்சை முடிவு ஆவணியில்தான் வந்தது. எங்கெங்கோ சுற்றி வந்த கடிதம். நிசாந்தினி தெரிவாகியிருந்தாள். கொழும்புக்கு வந்து பதிந்துகொள்ள வேண்டிய நாள் கடந்து போயிருந்தது. கடக்காமல் இருந்திருந்தாலும் போக வழி இல்லை. பொன்னையா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வருசம் எழுதுனா எடுப்பாங்களா, புள்ள?" என்று கேட்டார்.

"தெரியாது, அப்பா."

கமலேஸ்வரி குசினிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் நிசாந்தினி சைக்கிளை எடுத்தாள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வழியில் இரண்டு தரம் சங்கிலி கழன்றது. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது யாகப்பு தொழில் முடிந்து வந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்து மெலிந்திருந்தார். அவளைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"என்ன பிள்ளை, இவ்வளவு தூரம் தனிய வந்தனீ?"

"மாமா, நான் பாஸ்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் முழுவதும் மலர்ந்தது. ஆறு மாதத்தில் அந்த முகத்தில் அவள் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

"உண்மையாவோ? கொழும்புக்கு எப்ப போறாய்?"

"போகேலாது, மாமா. நாள் முடிஞ்சுது. பாதையும் பூட்டு."

யாகப்புவின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொட்டிலுக்குள் போய்ச் சுத்தமான சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வா," என்றார்.

சேமக்காலை பக்கத்தில்தான். இரண்டு குழியும் அருகருகே இருந்தன. பழையதைச் சுற்றியும் புதியதைச் சுற்றியும் அவர் கல் அடுக்கியிருந்தார். யாகப்பு புதிய குழியின் தலைமாட்டில் குந்தினார். மணலில் முளைத்திருந்த அடம்பன் கொடியை இழுத்து எறிந்தார். வீட்டுக்குள் படுத்திருப்பவளை எழுப்புகிறவர் போல மெதுவாகக் கதைத்தார்.

"யூலி, நிசா வந்திருக்கிறாள். சோதினை பாஸாம், மோனை. நீ சொல்லிக் குடுத்தது வீண் போகேல்லை."

சொல்லிவிட்டு நிசாந்தினியை நிமிர்ந்து பார்த்தார். நீயும் ஏதாவது சொல்லு என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவளும் பக்கத்தில் குந்தி, மணலில் கையை வைத்தாள். வெயிலில் மணல் சுட்டது.

"ஓம், யூலி," என்றாள். "நல்ல புள்ளியாம்."

பாதை மூடியதைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு யாகப்பு, பொழுது சாய முதல் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி எழுந்து, அவள் எழும்பக் கையைக் கொடுத்தார்.